கொள்ளுச் சாற்றில் நான் ஊற்றியது

எங்கள் வீட்டில் தவக்காலம் வந்துவிட்டால் நாற்பது நாளும் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. குருசுக்குப்பத்தை ஒட்டிக் குடியிருந்துகொண்டு, காலையில் கரைக்கு வரும் மீனை மூக்கால் மட்டும் வாங்கிக்கொண்டு நாற்பது நாளை ஓட்டுவது லேசுப்பட்ட காரியமா? நானெல்லாம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்றைக்கே விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுகிற ஆள். ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வந்ததும் என் கையால் மட்டன் பிரியாணி. அன்றைக்கு வேறு யாரும் கரண்டியைத் தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அப்படி ஒரு ஈஸ்டர் மதியம், நான் பிரியாணித் தட்டை நீட்டியபோது என் மகள் வாங்கிக்கொள்ளவில்லை.

“எனக்கு வேணாம்பா. வெறும் சோறு இருந்தா குடு.”

“ஏன், ஒடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். கறியில்லாம நாப்பது நாளு இருந்தது எனக்குப் புடிச்சிருந்துச்சு. அப்டியே இருந்துடலாம்னு பாக்குறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றவன் நான். “யாராவது சைவக்காரப் பையனப் பாத்து வச்சிருக்கியா? இருந்தா இப்பவே சொல்லிடு” என்றேன். என் மனைவி மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். மகள் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, எனக்கே தோணுச்சு” என்றாள். ஒரே பெண். எம்.காம். படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே தோன்றிய ஒன்றை எதிர்த்து நான் என்ன பேச முடியும்? ஆனாலும் பேசினேன். ஒரு மாதம் விடாமல் பேசினேன்.

நான் தொழிலால் சமையல்காரன். கடற்கரைக்குப் பக்கத்து வீதி ஒன்றில், வெள்ளைக்காரன் காலத்து வீட்டை ரெஸ்டாரண்டாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே இருபத்திரண்டு வருஷமாக வேலை. மூன்று மணிக்கு மேல்தான் எனக்கு ஷிப்ட். என் மனைவி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க், காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுவாள். அதனால் வீட்டிலும் மதியச் சமையல் என் பொறுப்பு. என் மகள் பிறந்ததிலிருந்து பெரும்பாலும் என் கைச்சோறுதான் சாப்பிட்டு வளர்ந்தாள். அது எனக்குப் பெரிய பெருமை. வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ரெஸ்டாரண்ட் சமையலில் ஒரு சங்கதி உண்டு. பெரிய அண்டாவில் கோழி எலும்பும் ஆட்டெலும்பும் வெங்காயமும் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு வடிகட்டி வைத்துக்கொள்வோம். புய்யோன் என்று பேர். பேர்தான் பிரெஞ்சு, சரக்கு என்னவோ நம் எலும்புத் தண்ணிதான். சூப், சாஸ், சாதம், எது செய்தாலும் பச்சைத் தண்ணீர் ஊற்றமாட்டோம், புய்யோன்தான் ஊற்றுவோம். மெனு கார்டில் பச்சைப் புள்ளி போட்டிருக்கிற காய்கறி சூப்பிலும் அதுதான் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், “இது சைவமாச்சே?” என்று கேட்டேன். அப்போதிருந்த பெரிய குக், “துண்டு வாயில மாட்டலன்னா சைவம்டா. நல்லா வடிகட்டிக் குடு” என்றார். அடுப்படியே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் என்னைக் கூப்பிட்டுச் சூப்பைப் பாராட்டியிருக்கிறார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்த டிசம்பரில் மகளின் கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்தது. இவளும் போய் வரிசையில் நின்றிருக்கிறாள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, “நீ யாருக்கும்மா குடுக்கறது? உனக்கே பத்தலியே” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுச் சொச்சம்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதாள். ஒரு தகப்பன் அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும்? நான், “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல” என்றேன். வாய் முந்திக்கொண்டது. என்னுடைய வாய் எப்போதுமே அப்படித்தான்.

அவள் என்னோடு சண்டை போடவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, சாப்பாடு பற்றி ஆலோசனை சொல்கிற ஒரு மேடத்திடம் அனுப்பியிருக்கிறார். அந்த மேடம் கறி சாப்பிடு என்று சொல்லவில்லை. சைவத்திலேயே எப்படிச் சாப்பிட வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, வரிக்கு வரி விளக்கியும் இருக்கிறார். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, மீதிக் கால் பங்குதான் சோறு. பயறை ஊறவைத்து முளைகட்ட வேண்டும். இரும்புச்சத்து உள்ள எதைச் சாப்பிட்டாலும் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ தக்காளியோ இருக்க வேண்டும், அப்போதுதான் அது உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி கூடாது.

நான் தாளைப் பார்த்துவிட்டு, “இது சமையலா, மருந்துச் சீட்டா?” என்றேன். “நீ சமைச்சா சமையல், நான் சமைச்சா மருந்து. அதனால நீயே சமைச்சுடு” என்றாள். இப்படிச் சொன்னால் நான் எங்கே போவேன்?

அப்புறம் நடந்ததெல்லாம் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் அவள் செல்போனில் சமையல் குறிப்புகளைத் தேடுவாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளுவாள். ‘உடம்புக்கு நல்லது’ என்று தலைப்பில் போட்டிருந்தாலும் நம்பமாட்டாள். பன்னீர் குறிப்பு ஒன்று பார்க்கவே அழகாக இருந்தது. “பன்னீர்ல இரும்பு இல்லப்பா, வேற பாப்போம்” என்றாள். கீரைக் கட்லெட்டைக் காட்டினேன். “ஒரு கைப்பிடி கீரைக்கு நாலு உருளக்கெழங்கு. இதுல கீரை பேருக்குத்தான் இருக்கு.” ஒரு குறிப்பில் காராமணி இருக்கும், கூடப் புளிப்பு எதுவும் இருக்காது, அதற்கு நான் தக்காளியைச் சேர்த்துச் சரிக்கட்டுவேன். “ம், இப்ப பாஸ்” என்பாள். இருபத்திரண்டு வருஷம் சமைத்தவனுக்கு ஒரு சின்னப் பெண் மார்க் போடுகிறாள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஸ்கூட்டரில் பெரிய மார்க்கெட்டுக்குப் போவோம். அங்கே மீன் விற்கிற பக்கத்தில் எனக்குத் தெரியாத முகம் கிடையாது. காய்கறிப் பக்கத்தில் நான் வெங்காயம், தக்காளிக்கு மேல் நின்றவனில்லை. முருங்கைக் கீரை எது இளசு, எது முற்றல் என்று கீரைக்கார அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். “இன்னா சார், மீன விட்டுட்டு இந்தப் பக்கம்?” என்று அந்த அம்மா கேட்டதற்கு என் மகள், “அப்பாவ நான் மாத்திட்டேன்” என்று சொன்னாள். நான் பையை விரித்துப் பிடித்தேன்.

கொள்ளுச் சாறு அப்படி உருவானதுதான். முளைகட்டின கொள்ளை வேகவைத்து மசித்து, பூண்டு, மிளகு, சீரகம், தக்காளி தட்டிப் போட்டு, கடைசியில் முருங்கைக் கீரை கிள்ளிப் போட்டு இறக்கி, எலுமிச்சை பிழிய வேண்டும். முதல் நாள் செய்து ருசி பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் நாக்குக்கு அடியில் ஏதோ இல்லை. நிமிர்ந்து பார்த்தால் வெளுத்த முகத்தோடு மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பயறும் தழையுமா இவள் முகத்தில் ரத்தத்தைக் கொண்டுவரப் போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் ரெஸ்டாரண்டிலிருந்து ஒரு பாட்டில் புய்யோன் எடுத்துவந்தேன். ஃப்ரீசரில் மீன் துண்டுகளுக்கு அடியில் வைத்தேன். அவள் அந்த அடுக்கைத் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கொள்ளு வேகும்போது தண்ணீருக்குப் பதில் அதிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றினேன். ஏன் செய்தாய் என்று கேட்டால், பயம் பாதி, திமிர் பாதி. பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். என் சமையல் எனக்குத் தெரியாதா என்ற திமிர். துண்டு ஒன்றும் இல்லையே, வெறும் தண்ணிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அவள் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள். “இன்னிக்கு சூப்பர்பா. இன்னா பண்ணே?” என்றாள். “கைப்பக்குவம்” என்றேன்.

ஜனவரியிலிருந்து வாரத்துக்கு நான்கைந்து நாள் அந்தச் சாறு. பாட்டில் தீரத் தீர நிரப்பிக்கொண்டு வந்தேன். அந்த வருஷத் தவக்காலமும் அதற்குள்ளேயே வந்து போனது. என் மனைவிக்குக்கூட நான் சொல்லவில்லை.

ஈஸ்டர் முடிந்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு இருந்தது. மகள் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடிவந்ததை நான் மறக்கவே மாட்டேன். “சைவத்துலயே ஏறிடுச்சு பாத்தியாப்பா? இப்ப இன்னா சொல்ற?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் அசடு வழியச் சிரித்தேன். என்னையும் இழுத்துக்கொண்டு அந்த மேடத்தின் அறைக்குப் போனாள். அவருக்கும் சந்தோஷம்.

“சார், நீங்க பண்ற கொள்ளுச் சாறு பத்தியே சொல்லிக்கிட்டிருக்கா. அத அளவோட எழுதிக் குடுங்களேன். எங்கிட்ட வர்ற சைவக்காரங்க நெறைய பேருக்கு ரத்தம் கம்மியா இருக்கு. அவங்களுக்கு நான் ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பேன்.”

“நான் எழுதி வாங்கிட்டு வரேன் மேடம்” என்று என் மகள் முந்திக்கொண்டு சொன்னாள்.

அவள் மருந்து வாங்க வெளியே போனதும், நான் மேசைப் பக்கம் குனிந்து கேட்டேன். “மேடம், சும்மா தெரிஞ்சிக்கக் கேக்குறேன். இதுலயே எலும்பு வேகவச்ச தண்ணி ஊத்தினா இன்னும் நல்லா ரத்தம் ஊறுமில்ல?”

அவர் சிரித்துவிட்டார். “எல்லாரும் அப்டித்தான் நெனைக்கிறாங்க சார். எலும்புத் தண்ணியில ருசி இருக்கும். இரும்புச்சத்துன்னு பாத்தா ஒண்ணும் பெருசா கெடையாது. உங்க பொண்ணுக்கு ஏறினது மாத்திரையாலயும் அந்தக் கொள்ளு, கீரை, எலுமிச்சையாலயும்தான். தாள்ல உள்ளத ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. அவ்ளோதான்.”

நாலு மாசமாக நான் ஊற்றியது எதற்கும் பிரயோஜனமில்லை. அவள் தாளைப் படித்து, ஒவ்வொரு குறிப்பாகத் தேர்ந்தெடுத்து, தன் முயற்சியால் தேறியிருக்கிறாள். நான் நடுவில் புகுந்து அவள் விரதத்தைக் கெடுத்ததுதான் மிச்சம். இனிமேல் ஊற்றக் கூடாது, இதோடு மூடிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். யாருக்குத் தெரியப்போகிறது?

வீட்டுக்கு வந்து செய்முறையை எழுதிக் கொடுத்தேன். கொள்ளு ஒரு கைப்பிடி, பூண்டு ஆறு பல், தண்ணீர் நான்கு டம்ளர். அந்தத் ‘தண்ணீர்’ என்ற வார்த்தையை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதிவிட்டேன்.

“நாலு பேருக்குப் போறது. நானே ஒரு தடவ செஞ்சு பாத்துட்டுக் குடுக்கறேன்” என்றாள் மகள். அங்கேதான் நான் மாட்டினேன். மறுநாள் காலையில் தாளைப் பார்த்து, டம்ளரால் அளந்து செய்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “இது நம்ம சாறு இல்லியே.” அதற்கடுத்த நாள் மறுபடி செய்தாள். கொள்ளை இன்னும் கொஞ்ச நேரம் வேகவைத்தாள், சீரகத்தைப் புதிதாக வறுத்தாள். அந்த ருசி வரவில்லை. மூன்றாம் நாளும் செய்தாள். கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, “எல்லாம் நீ எழுதின மாதிரியேதாம்பா செய்றேன். என் கைதான் சரியில்ல போலருக்கு” என்றாள்.

அவள் கையில் ஒரு குறையும் இல்லை. அவள் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவளை உட்காரவைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீசரைத் திறந்து, மீனுக்கு அடியிலிருந்த பாட்டிலையும் எடுத்துக் காட்டினேன். அதில் கால்வாசி மிச்சமிருந்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தினி நாளா?”

“ஜனவரிலேருந்து.”

“தெனமுமா?”

“நீ குடிச்ச அன்னிக்கெல்லாம். ஆனா வெறும் தண்ணிதான் பாப்பா. துண்டு ஒண்ணு கூட இல்ல. நல்லா வடிகட்டினது. அதுல கறியே கெடையாது.” பெரிய குக் எனக்குச் சொன்னதை அப்படியே என் பெண்ணிடம் ஒப்பித்தேன்.

“தவக்காலத்துலயும் ஊத்தினியா?”

“ஊத்தினேன்.”

“பெரிய வெள்ளிக்கிழம சாயங்காலம் கோயில்லேருந்து வந்து குடிச்சேனே. அன்னிக்கும்?”

“ஐயோ, அன்னிக்கு ஊத்தலம்மா! சத்தியமா ஊத்தல. அன்னிக்கு வெறும் தண்ணிதான்.” அவளுக்கு ஒரு ஆறுதல் சொல்லக் கிடைத்ததே என்ற அவசரத்தில் சொன்னேன். ஆண்டவர் மரித்த நாள். கறி பக்கமே நாங்கள் போகாத நாள். அன்றைக்கு எப்படிக் கை வரும்?

“ஏன் ஊத்தல?”

“பெரிய வெள்ளிக்கிழமையாச்சே…”

“துண்டு இல்லன்னா கறி இல்லன்னு சொன்ன. அப்ப அன்னிக்கு மட்டும் ஏம்பா ஊத்தல?”

நாலு மாசமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த பொய்யை அவள் ஒரே கேள்வியில் பிரித்துப் போட்டுவிட்டாள். அது கறி என்று எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். ஆண்டவரிடம் செய்யக் கூசியதை என் மகளிடம் கூசாமல் செய்திருக்கிறேன்.

அவள் எழுந்து போய்க் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். அந்தச் செய்முறைத் தாளை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளே மேலும் இரண்டு முறை செய்து பார்த்து, தக்காளியைச் சுட்டுப் போட்டு, கொஞ்சம் கறுப்பு எள் வறுத்து அரைத்துச் சேர்த்து, புதிதாக எழுதி மேடத்திடம் கொடுத்தாள் என்று பிறகு என் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன். மனைவியிடமும் எல்லாம் சொல்லியிருக்கிறாள். மனைவி என்னைத் திட்டவில்லை. “நம்ம கையால குடுத்தா புள்ள கண்ண மூடிட்டு சாப்டும். அதயும் கெடுத்துட்டீங்க” என்று மட்டும் சொன்னாள்.

ரெஸ்டாரண்டில் பச்சைப் புள்ளி போட்ட சூப்புக்கு இப்போது தனிப் பாத்திரம் வைத்திருக்கிறேன். காய்த் தோலும் வெங்காயமும் கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் அதில் ஊற்றுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள், “அண்ணன் சாமியாராயிட்டாரு” என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். பாராட்டிவிட்டுப் போனவர்களையெல்லாம் தேடிப் பிடித்து நான் மன்னிப்புக் கேட்கவா முடியும்?

மகள் என்னோடு பேசாமல் இல்லை. பேசுகிறாள், கிண்டல் செய்கிறாள், ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மார்க்கெட்டுக்கும் வருகிறாள். படிப்பை முடித்து வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டாள். ஆனால் அவள் சாப்பாட்டை அவளேதான் சமைத்துக்கொள்கிறாள். காலையில் எழுந்து பயறை அவளே கழுவுகிறாள். நான் பக்கத்தில் நின்றால், “நீ உக்காருப்பா” என்கிறாள். எனக்கும் ஒரு தட்டு வைக்கிறாள். அவள் சமையல் நன்றாகவே இருக்கிறது. என் அடுப்படியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் நொய்யரிசிக் கஞ்சி வைத்தேன். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவளுக்காக அடுப்புப் பற்றவைத்தேன். ஆற்றி, டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

“இன்னாப்பா போட்ட?”

“அரிசி, தண்ணி, உப்பு.”

டம்ளருக்குள் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. மெதுவாகத்தான் கேட்டாள்.

“வேற?”